பத்துக்குப் பத்து அறையில் பாட்டுப் பதிவு: நுரை போதாதா?

கீழக்கரை தஃப்:
மாடி அறையில் தஃபும் (கையால் தட்டும் வட்டப் பறை) குரலும் பதிவு செய்கிறோம். நீளம், அகலம், உயரம் எல்லாமே பத்தடி. சுவர் முழுக்க ஒரு அங்குல நுரை ஒட்டியாச்சு. கை தட்டினால் எதிரொலி இல்லை. ஆனால் கீழ்ச்சுரங்களில் மட்டும் குரல் 'ஊம்' என்று வீங்குகிறது. இன்னும் நுரை வாங்கணுமா?

மண்டபம் மைக்:
வாங்காதீங்க தம்பி. ஒரு அங்குல நுரை மேல் ஒலியைத்தான் குடிக்கும். பத்தடிச் சுவர்களுக்கு நடுவே 57 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 57 அதிர்வு) ஒலியும் அதன் இரட்டிப்பு 114-உம் முட்டி நிற்கும். ஆண் குரலின் கீழ்ச்சுரம் அந்த 114 பக்கம்தான். மூன்று அளவும் ஒன்று என்பதால் மூன்று திசையிலும் அதே வீக்கம். மூலைகளில் நாலு அங்குலப் பாறைக்கம்பளி, பின்னால் கொஞ்சம் இடைவெளி விட்டு வையுங்க.

பாம்பன் பாலா:
வாடகை வீட்டில் மூலைக்கு மூலை கம்பளியா? உப்புக்காற்றில் ஊறி நாறிப்போகும். பழைய இலவம்பஞ்சு மெத்தையைப் பாடுகிறவர் பின்னால் நிமிர்த்திவிட்டு, மைக்கை வாய்க்கு அரை சாணில் வைத்தால் முடிஞ்சது. நம் ஊரில் அறையை விடப் பெரிய தொல்லை கச்சான் காற்று. ஜன்னல் இடுக்கில் விசிலடிக்குமே, அதற்கு என்ன கம்பளி?

மண்டபம் மைக்:
பாறைக்கம்பளி கல்லை உருக்கி இழுத்த நார். பூஞ்சைக்கு அதில் தீனி இல்லை. ஈரத்தில் நாறுவது உங்க இலவம்பஞ்சுதான். நார் பறக்காமல் துணி சுற்றினால் போதும். அப்புறம், ஒரு பக்கம் மட்டும் கேட்கும் மைக்கை அவ்வளவு கிட்டே கொண்டுபோனால் கீழ் ஒலி தானாகவே ஏறும். வீங்குகிற குரலுக்கு அதுவா மருந்து?

பாம்பன் பாலா:
அதை மிக்ஸிங்கில் குறைச்சுக்கலாம். அறை எதிரொலி குரலோடு கலந்துவிட்டால் பிரிக்க முடியுமா?

மண்டபம் மைக்:
சரி, இது நியாயம். காசில்லாத வழி ஒன்று சொல்றேன். அறை நடுவில் நின்று பாடுறீங்களா தம்பி? அங்கே 114 உச்சத்தில் இருக்கும். சுவரிலிருந்து இரண்டரை அடியில் அடங்கும். உயரத்துக்கும் அதே கணக்கு. தரையில் உட்கார்ந்தால் வாய் ஏறக்குறைய இரண்டரை அடியில் வரும். மைக்கையும் இறக்குங்க.

கீழக்கரை தஃப்:
பக்கத்துச் சுவர் இரண்டிலிருந்தும் இரண்டரை அடி தள்ளி, பாயில் உட்கார்ந்து பாடிப் பார்த்தோம் அண்ணே. வீக்கம் நல்லாவே குறைஞ்சிருக்கு. பாலா அண்ணன் சொன்ன மெத்தையும் பின்னால் இருக்கு. ஆனால் தஃப் அடிக்கும்போது பீரோக் கதவு கிணுகிணுக்குது.

பாம்பன் பாலா:
பீரோவை முதலில் வெளியே தள்ளுங்க. இதற்கும் ஒரு ஹெர்ட்ஸ் கணக்கு போட்டுடப் போறார்!