புதுப்பிப்பு: பால்வெட்டுத் தொடரை நிறுத்தவில்லை

மலேசியாவின் சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டங்களையும், அங்கே மரம் சீவிப் பால் எடுத்த பால்வெட்டு வாழ்க்கையையும் பற்றி எழுதிவரும் தொடரை நிறுத்திவிடலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். படிக்கிறார்களா என்றே தெரியவில்லை, வந்த ஓரிரண்டு பதிலும் "பழையதை ஏன் கிளறுகிறாய்" என்ற ரகம். மனசு விட்டுப்போயிருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது இது. பேரப்பிள்ளைகள் வாசித்துக் காட்ட, பழைய லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) வாழ்ந்த பெரியவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தட்டச்சு வராது, அவ்வளவுதான். ஒரு பாட்டி குரல்பதிவு அனுப்பினார்: இருட்டோடு பிரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) ஓடியது, வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்ற அவசரம், மழை பெய்தால் அன்றைய பாலும் போச்சு, கூலியும் போச்சு. ஒட்டுப்பால் (வெட்டிலும் கோப்பையிலும் உறைந்துபோன ரப்பர் பால்) நாற்றம் கல்யாணப் புடவையிலும் அடித்ததாம். நான் எழுதிய எதிலும் இந்த உயிர் இல்லை. அவர் அனுமதியோடு அதை அப்படியே போடுகிறேன்.

தொழிலாளர்களை மேய்த்த கங்காணிகளைப் பற்றிய பகுதியை நீக்கச் சொல்லி ஒரு குடும்பம் கோபப்பட்டது. நீக்க மாட்டேன். அவர்கள் தரப்பை எழுதித் தந்தால் பக்கத்திலேயே இடம் உண்டு.

அடுத்தது தோட்டத் துண்டாடல், அதாவது பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றது. அப்படி விற்கப்படும் தோட்டங்களைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்குவதற்காக 1960இல் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பத்துப் பத்து வெள்ளியாக (எங்கள் ஊர்ப் பணம்) கட்டிப் பங்கு வாங்கியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களிடம் பேசி குரல்பதிவாகவே அனுப்புங்கள். எழுத்தாக்குவது என் வேலை.