நைல்ஸ் ஐயரைப் பற்றி உங்கட வீட்டில ஏதும் கதை இருக்கோ?

தெல்லிப்பளைப் பேத்தி:
டி.டி. நைல்ஸ், எங்கட இலங்கை மெதடிஸ்த போதகர், ஆரெண்டு இங்க சொல்லத் தேவையில்லைத்தானே. அம்மப்பா கடைசிக் காலத்தில என்னையே மறந்திட்டார், ஆனா ஐயர் 1935ல சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த்தைச் சந்திச்ச கதை மட்டும் பிசகாமல் வரும். இந்து மதம் அவிசுவாசம் எண்டு பார்த் சொல்ல, இவர் கேட்டவராம், நீங்கள் எத்தினை இந்துக்களைச் சந்திச்சிருக்கிறியள்? ஒருத்தரையும் இல்லையாம். பிறகு எப்பிடித் தெரியும்? "ஆ ப்ரியோரி." பார்த்துப் பழகாமலே முன்கூட்டித் தெரியும் எண்டு அர்த்தம். ஐயர் தலையை ஆட்டிச் சிரிச்சாராம். அம்மப்பாவும் அந்த இடத்தில அப்பிடியே சிரிப்பார். ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல திருநீறு பூசின ஐயா ஒராள், அவரும் சேர்ந்து சிரிப்பார். விளங்கித்தான் சிரிச்சவரோ எண்டு இண்டைக்கும் யோசிக்கிறன்.

ஆல்ட்டோ அக்கா:
நான் சென்னை. கொயர்ல 1963ல வந்த இ.ஏ.சி.சி. (கிழக்காசிய கிறிஸ்தவ மாநாடு) பாட்டுப் புக் குடுத்தாங்க, நைல்ஸ் தொகுத்தாரே அதான், அட்டையெல்லாம் செலோடேப். அதுல பிலிப்பைன்ஸ்காரங்க எலேனா மக்கிசோ போட்ட மெட்டுக்கு இவர் எழுதின திரித்துவப் பாட்டு, என் காப்பில முதல் வரி மேல யாரோ பென்சில்ல "மூச்சு விடாதே"ன்னு எழுதியிருக்காங்க. அத நம்பி நானும் விடாமப் பாடி முகமே சிவந்துபோச்சு. எந்த இடம் வரைக்கும் விடக்கூடாது, யாருக்காச்சும் தெரியுமா?

பேஸ் அண்ணன்:
அக்கா அந்த புக்கைத் தலைல தூக்கி வைக்காதீங்க, மெட்டு ஆசியா ஆனா ஹார்மனி வெள்ளைக்காரன் பாணி. எங்க கதை சின்னது. 1968ல ஸ்வீடன் உப்சாலால நடந்த உலகத் திருச்சபைகள் மன்றக் கூட்டத்துல, மார்ட்டின் லூதர் கிங் பேச வேண்டிய ஆராதனைல, அவரச் சுட்டுக் கொன்னப்பறம், நம்மாளு நின்னு பேசினார்னு பாட்டிக்குத் தாங்க முடியாத பெருமை, 70ல அவர் வேலூர்ல இறந்த சேதி வந்தப்போ அடுப்ப அணைச்சுட்டு உக்காந்துட்டாங்களாம். சரி, நீங்க பண்ண வேண்டியது என்னன்னா 1990ல தைவான்காரர் ஐ-தோ லோ தொகுத்த சவுண்ட் த பாம்பூங்கற ஆசியப் பாட்டுப் புக் வாங்குங்க, கீபோர்டை மூடுங்க, நாலு பார்ட் வேணாம், தம்புரா சுருதி போட்டு எல்லாரும் ஒரே குரல்ல பாடுங்க, சுருதிய அரைக்கட்டை எறக்குங்க, அப்பறம் கொயர் மாஸ்டர்கிட்ட பக்குவமா

ஆல்ட்டோ அக்கா:
அண்ணா நான் கேட்டது மூச்சப் பத்தி.

தெல்லிப்பளைப் பேத்தி:
பக்கத்துக் கட்டில் ஐயாவைப் பற்றியும் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை.