மறுமொழி: 'நொதிச் செயல்திறன்' வேண்டாமே

> 'நொதிச் செயல்திறனில் இன வேறுபாடும் இதய நோய் ஆபத்தும்' என்றே தலைப்பை விட்டுவிடலாமே?

ஐயா, நம் கட்டுரைக்கு நீங்கள் கேட்கும் அந்தத் தலைப்பில் மூன்று சொற்கள் இடறுகின்றன.

'திறன்' என்றதும், ஒரு நொதி மூலக்கூறு எவ்வளவு திறமையாக வேலை பார்க்கிறது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். கட்டுரை பேசும் இரத்த நொதியான எல்பி-பிஎல்ஏ2-க்கான (Lp-PLA2) சோதனை தரும் எண் அதுவல்ல. ஒரு மில்லிலிட்டர் ஊனீர் (இரத்தத்தின் நீர்ப்பகுதி), ஒரு நிமிடத்தில் எத்தனை நானோமோல் வினைபடுபொருளைச் சிதைக்கிறது என்பதுதான் அது. நொதி கூடுதலாக இருந்தாலும் எண் ஏறும், இருக்கிற நொதி வேகமாக வேலை செய்தாலும் ஏறும். ஆகவே 'வினையளவு'. இதே நொதியை எதிர்ப்பொருளால் பிடித்து நானோகிராமில் சொல்லும் சோதனையும் உண்டு; அதற்கு 'நொதி நிறை' என்று வைப்போம். இரண்டையும் 'நொதி அளவு' என்று எழுதிவிட்டால் குழப்பம்தான்: இடர் கூடியவரைப் பிரிக்கும் 225 என்ற வெட்டெல்லை வினையளவுக்கு உரியது, நானோகிராம் அறிக்கையோடு அதை ஒப்பிடவே கூடாது.

'ஆபத்து', ஏதோ வந்தே விட்டதுபோல ஒலிக்கிறது. 2014-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வினையளவுச் சோதனைக்கு அனுமதி தந்தபோது காட்டிய கணக்கில், 225-க்கு மேல் இருந்தவர்களில் 7.0 விழுக்காட்டினருக்கு இதயத் தமனி நோய் நிகழ்வு, மற்றவர்களில் 3.3. இது வாய்ப்பின் கணக்கு. 'இடர்வாய்ப்பு' போதும். 'இடர்க்காரணி' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இந்த நொதியை அடக்கும் டாராப்லாடிப் என்ற மருந்து, பெரிய மருந்தாய்வுகளில் இதய நிகழ்வுகளைக் குறைக்கும் முதன்மை இலக்கை எட்டவில்லை. நொதியே காரணம் என்றால் எட்டியிருக்க வேண்டும். 'இடர்ச்சுட்டி' பொருந்தும்.

'இனம்' ஏற்கெனவே பாலினத்துக்கும் சிற்றினத்துக்கும் சேர்த்து உழைக்கிறது. மூதாதையர் வழியைக் குறிக்க 'கால்வழி' என்ற நல்ல சொல் சும்மா கிடக்கிறதே! இதே நொதியில் 279-ஆம் இடத்து அமினோ அமிலமான வாலினுக்குப் பதில் ஃபீனைல்அலனின் வரும் மரபணு மாற்றம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் ஊனீரில் வினையளவு ஏறத்தாழச் சுழியம். ஜப்பானிய, கொரிய, சீனக் கால்வழிகளில் காண்பது; ஐரோப்பியரிடம் மிக அரிது.

---

> 'கால்வழி' என்ற நல்ல சொல் சும்மா கிடக்கிறதே!

அம்மா, வினையளவுக்கு என் ஓட்டு. கால்வழியை எல்லா இடத்திலும் போட முடியாது. நீங்கள் சொன்ன 2014 கணக்கிலேயே, 225-ஐத் தாண்டியபோது கறுப்பினப் பெண்களிடம் நிகழ்வுகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக ஏறின. அங்கே 'கறுப்பினத்தவர்' என்பது பங்கேற்றவர் தம்மைப் பற்றிச் சொன்னது, மரபணு பார்த்து வகுத்ததல்ல. வருமானம், வாழிடம், மருத்துவ வசதி எல்லாம் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும். கால்வழி என்று மாற்றினால் ஆய்வு சொல்லாததை நாம் சொன்னதாகிவிடும். அங்கே 'இனக்குழு' இருக்கட்டும்.

இன்னொன்று. இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரல் மாத்திரை பற்றிய பத்தியில் வினையளவும் பொருந்தாது. அங்கே வரும் சிஒய்பி2சி19 (CYP2C19) வேறொரு நொதி, கல்லீரலில் இருப்பது. அதை ஊனீரில் அளப்பதில்லை, மரபணு வடிவத்தைப் பார்த்து ஊகிக்கிறோம். விழுங்கிய மாத்திரை செயலற்றது. இந்த நொதி மாற்றிக் கொடுத்த பிறகே இரத்தத் தட்டணுக்கள் ஒன்றுசேர்வதைத் தடுக்கும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த மரபணுவின் செயலிழந்த வடிவத்தையே பெற்றவர்கள் வெள்ளையரில் சுமார் 2, கறுப்பரில் 4, சீனரில் 14 விழுக்காடு. இதயத் தமனியில் ஸ்டென்ட் (தமனியைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைத்தவர் இந்த வகையாக இருந்தால் வழக்கமான அளவு மருந்தும் போதாமல், உள்ளே உறைகட்டி அடைக்கலாம். இவர்களைக் 'குறைமாற்றர்' என்போமா?

---

> இவர்களைக் 'குறைமாற்றர்' என்போமா?

சரி, '-மாற்றர்' என்பதே நல்லது. '-மாற்றி' என்றால் மின்மாற்றி நினைவு வரும். விளக்கத்தில் ஒரு வரி மட்டும் சேருங்கள்: குறைமாற்றரிடம் எல்லா மருந்தும் வலுக்குறையும் என்றில்லை. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோலை இதே நொதி சிதைத்துக் கழிக்கிறது. அவர்களிடம் அது தேங்கி, விளைவு கூடும்.

இனக்குழு பற்றிச் சொன்னதையும் ஏற்கிறேன். தலைப்பு இனி 'நொதி வினையளவில் இனக்குழு வேறுபாடுகளும் இதயத் தமனி நோய் இடர்வாய்ப்பும்'. கால்வழி, 279-ஆம் இடத்து மாற்றத்தைச் சொல்லும் பத்தியில் மட்டும்.