எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு எந்த ஞாபகப் பரிசோதனை?

தண்டையார்பேட்டையிலிருந்து:

என் மாமியார் காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, தெருத்தெருவாக விற்றவர். பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை. ஆனால் நாலு பேர் ஒரே நேரத்தில் பேரம் பேசினாலும் கணக்கு பிசகாது, யார் எவ்வளவு பாக்கி என்பதும் மனசிலேயே இருக்கும். அப்படிப்பட்டவர் வஞ்சிரத்துக்கும் காணாங்கத்தைக்கும் ஒரே விலை சொல்ல ஆரம்பித்தார். வாடிக்கைக்காரர்களே வீடு தேடி வந்து, "அம்மாவைக் கொஞ்சம் பாருங்க" என்றார்கள்.

டாக்டரிடம் கூட்டிப் போனோம். இன்னைக்கு என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிங்க, ஒரு வாக்கியம் எழுதுங்க, இந்த ஐங்கோணப் படத்தைப் பார்த்து வரைங்க என்று வரிசையாகக் கேள்விகள். அத்தை பேனாவை வாங்கவே இல்லை. முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். "படிக்காதவங்க, வயசும் ஆயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்மா" என்று சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. படிக்காதவர் என்று தெரிகிறதல்லவா, அப்போ வேறு மாதிரி கேட்டிருக்கலாமே!

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அந்த டாக்டர் கேட்டது 1975-ல் அமெரிக்காவில் வெளிவந்த 30 மதிப்பெண் சோதனை. பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு மறதி நோய் (டிமென்ஷியா) இல்லாவிட்டாலும் அதில் மார்க் குறையும். நிறையப் படித்தவர்கள் நோய் தொடங்கிய பிறகும் அந்தச் சோதனையில் பாஸ் ஆகிவிடலாம். ஹரியானா மாநிலம் பல்லப்கரில் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்காகவே இதை மாற்றி அமைத்திருக்கிறார்கள். மறதி நோயை ஆராயும் 10/66 என்ற குழு நம்ம சென்னையிலேயே வேலை செய்திருக்கிறது. கூடவே இருப்பவரிடம் "முன்பு செய்த வேலையை இப்போது செய்கிறாரா" என்று கேட்பதும் அவர்கள் முறையில் ஒரு பகுதி.

அடுத்து பார்த்த டாக்டரம்மா என்னிடம் கேட்டதும் அதைத்தான். மீன் விலை, சில்லறை, வழி தவறியது எல்லாம் சொன்னேன். தைராய்டு, பி12 சோதனைகளும் ஸ்கேனும் எடுத்தார். மூளையில் சின்னச் சின்ன ரத்த அடைப்புகள், மறதிக்கு அதுதான் காரணம் என்றார். அத்தைக்கு பிரஷர் இருந்ததே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

வியாசர்பாடியிலிருந்து:

அக்கா, என் தங்கை அமெரிக்காவில் முதியோர் இல்லத்தில் நர்ஸ். அங்கே வயதான கறுப்பினத்தவருக்கு இந்த மறதி நோய் வெள்ளையரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனாலும் அவர்களுக்குத்தான் தாமதமாகக் கண்டுபிடிக்கிறார்களாம், அதுவும் நோய் நன்றாக முற்றிய பிறகு. இந்த நோய்க்கு வழிவிடும் பிரஷரும் சர்க்கரையும் அவர்களிடம் அதிகம். டாக்டர் நம் பேச்சைக் காதில் வாங்க மாட்டார் என்ற பயமும் நிறையப் பேருக்கு உண்டு. அந்தப் பயம் எங்க தெருவிலும் இருக்கிறது, அதனால்தான் அப்பாவை இத்தனை நாள் கூட்டிப் போகாமல் இருந்தோம். அவர் மில்லில் வேலை பார்த்தவர், இப்போது சட்டைப் பொத்தான் போடவே திணறுகிறார். நீங்க எழுதியதைப் படித்த பிறகு, அவர் எதையெல்லாம் செய்ய முடியாமல் போனார் என்று எழுதி வைத்துவிட்டேன். திங்கட்கிழமை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம்.