குடும்பக் குழுமம்: சித்தியின் ரேடியோவுக்கு என்ன வந்தது?

சித்தி (வல்வெட்டித்துறை), காலை 6.48
ஒருத்தரும் எழும்பவில்லையோ? என்ர ரேடியோவுக்கு என்னவோ நடந்துவிட்டது. நேற்று வரைக்கும் எங்கட ஸ்டேசன் வந்த இடத்தில் இன்றைக்குக் காரைக்கால் வருகுது. அதுவும் பக்கத்து வீட்டில் இருந்து பாடுகிற மாதிரி.

மாமா, 6.55
ரியூனர் போயிருக்கும். கடையில் கொண்டுபோய்க் குடு.

பெரியப்பா, 7.02
கடைக்கு ஒன்றும் கொண்டுபோக வேண்டாம். தங்கச்சி, அங்கே காற்று எப்படி?

சித்தி, 7.03
ரேடியோவைப் பற்றிக் கேட்டால் காற்றை விசாரிக்கிறியள் அத்தான். இலை அசையவில்லை. இரவு முழுக்க வெக்கை, நித்திரையே இல்லை.

பெரியப்பா, 7.15
அதுதான் விசயம். காரைக்கால் 100.3 உங்கட கரையில் இருந்து கடலுக்கு அங்கால் கிட்டத்தட்ட 130 கிலோமீற்றர். பண்பலை அலை நேராகத்தான் போகும். பூமி வளைந்திருப்பதால் அவ்வளவு தூரத்தில் அது எங்கட தலைக்கு மேலால் போய்விட வேண்டும். ஆனால் காற்றடங்கிய இரவில் தரையில் இருந்து வருகிற சூடான உலர்ந்த காற்று, கடலை ஒட்டிக் கிடக்கிற குளிர்ந்த ஈரக்காற்றுக்கு மேல் ஒரு படையாகப் படியும். அந்தப் படையில் பட்டு அலை கீழே வளையும். அப்படியே கடல் மட்டத்தோடு ஓடி உன்ர குசினிக்குள் வந்துவிடும். பலத்த காற்று வந்து படையைக் கலக்கினால் காரைக்காலும் போய்விடும்.

துஷி, 7.21
இரண்டும் கலந்து கேட்காதா பெரியப்பா? சித்தி ஒன்றுதான் கேட்குது என்கிறா.

பெரியப்பா, 7.24
பண்பலையில் கலக்காது. பலமானது மெலிந்ததை விழுங்கிவிடும். மத்திய அலையில் (AM) தான் இரண்டு பேரும் ஒன்றாகக் கத்துவார்கள்.

சித்தி, 9.40
சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டது, எங்கட ஸ்டேசனும் வந்துவிட்டது. கடைக்குப் போகாதது நல்லதாய்ப் போச்சு. மாமாவின் பேச்சைக் கேட்டிருந்தால் காசு போயிருக்கும்.

மாமா, 9.41
🙄

கவின், 2.10
ரியூசன் முடிந்து இப்பதான் வாசித்தேன். பெரியப்பா, நான் கேட்கிற சயன்ஸ் பொட்காஸ்ட்டில் ஒரு இரைச்சலும் இல்லை. ஏன் இந்தக் கரகரப்போடு மல்லுக்கட்ட வேணும்?

பெரியப்பா, 2.31
பொட்காஸ்ட்டை நானும் கேட்கிறேன், நல்ல சாமான். அதில் ஒருத்தர் கண்டுபிடித்ததை எங்களுக்குச் சொல்லுவினம். கரகரப்பில் நீயே கண்டுபிடிக்கலாம். அமெரிக்காவில் பெல் ஆய்வுகூடத்தில் கார்ல் ஜான்ஸ்கி என்று ஒரு பொறியியலாளர். அட்லாண்டிக்குக்கு அங்கால் பேசுகிற ரேடியோத் தொலைபேசியில் இரைச்சல் எங்கேயிருந்து வருகுது என்று பார்ப்பதுதான் அவருக்குக் குடுத்த வேலை. இடி, மின்னலைக் கழித்துப் பார்த்தால் மெல்லிய சீறல் ஒன்று மிச்சம். முதலில் சூரியன் என்று நினைத்தார். ஆனால் அது 24 மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திரும்பவில்லை, 23 மணித்தியாலம் 56 நிமிசத்துக்கு ஒருக்கால் திரும்பியது. அது நட்சத்திரங்கள் வானத்தில் ஒருக்கால் சுத்தி வருகிற கணக்கு. சீறல் பால்வீதியின் நடுவில் இருந்து வந்தது! 1933இல் அறிவித்தார். ரேடியோ வானியல் என்ற துறையே அந்தக் கரகரப்பில்தான் தொடங்கியது.

கவின், 2.33
சரி, நான் என்ன செய்ய?

பெரியப்பா, 2.40
உங்கட சாமியறைத் தட்டில் அப்பப்பாவின் ரேடியோ கிடக்கு. மத்திய அலை 936இல் திருச்சியைப் பிடி. பிடித்தபிறகு ரேடியோவை மேசையில் வைத்து மெல்லமாகச் சுத்து. சத்தம் ஆகக் குறைகிற இடத்தில் நிற்பாட்டி, அதன் நீளப்பக்கம் எந்தத் திசையைக் காட்டுது என்று போன் கொம்பஸில் பார். அன்ரனாவை இழுத்து மினக்கெடாதே, அது பண்பலைக்கு. மத்திய அலைக்கு உள்ளே கறுப்புக் குச்சி மாதிரி ஒரு பெரைற் (ferrite) காந்தப்பொருள் துண்டு, செப்புக்கம்பி சுத்தி இருக்கும். அதன் முனை ஸ்டேசனைப் பார்த்தால் சத்தம் விழும். பொழுதுபட முதல் செய். இரவில் மேலே பட்டுத் திரும்புகிற அலையும் சேர்ந்து கணக்கைக் குழப்பும்.

கவின், 4.05
🎤 0:48

துஷி, 4.09
வொயிஸ் கேட்க நேரம் இல்லாதவைக்கு: முதல் அரைவாசியும் ஒரே "ங்ங்ங்" இரைச்சல். அவர் எல்ஈடி பல்ப்புக்குக் கீழே வைத்திருக்கிறார். பல்ப்பை நூர்த்து, போன் சார்ஜரையும் கழற்றினதும் திருச்சி தெளிவாக வருகுது. சுத்திப் பார்த்ததில் வடமேற்காம்.

பெரியப்பா, 4.12
வரைபடத்திலும் வடமேற்குத்தான், 190 கிலோமீற்றர் அளவில். கெட்டிக்காரன். ஆனால் அந்தக் குச்சி தென்கிழக்கையும்தான் காட்டுது. திருச்சி எந்தப் பக்கம் என்று ரேடியோ மட்டும் சொல்லாது. வேறொரு ஊரில் இருந்து இன்னொரு கோடு போட்டால்தான் இரண்டும் வெட்டுகிற இடம் தெரியும். மன்னாரில் இருக்கிற ஆரிடமாவது கேள்.

மாமா, 4.30
உந்தக் கரகரப்புக்குள்தான் நாங்கள் செய்தி கேட்டு வளர்ந்தனாங்கள். 90க்குப் பிறகு சண்டைக் காலத்தில் கரண்டும் இல்லை, பற்றரியும் உள்ளே விடமாட்டினம். சைக்கிளைக் கவிட்டு வைத்து, டைனமோவில் இருந்து வயர் இழுத்து, நடுவில் நாலு டயோட். நான் பெடலைக் கையால் சுத்த, அத்தான் சிற்றலையில் லண்டன் பிபிசியின் தமிழோசையைத் தேடுவார். கை உளைந்து வேகம் குறைந்தால் லண்டனும் குறைந்துவிடும். முக்கியமான இடத்தில்தான் எப்பவும் கை உளையும்.

துஷி, 4.34
நாலு டயோட் ஏன் மாமா?

மாமா, 4.36
அத்தான் சொன்னார், நான் பூட்டினேன்.

பெரியப்பா, 4.41
டைனமோ தருவது ஆடலோட்டம், ரேடியோவுக்கு நேரோட்டம் வேணும். நாலு டயோட்டும் சேர்ந்த பாலம்தான் அதை மாற்றும். துஷி, இது உன்ர ஏ.எல். பாடத்தில் இருக்கு, அவரிடம் கேட்கிறாய்!

கவின், இரவு 8.50
பெரியப்பா, பகலில் வெறும் இரைச்சல் கிடந்த இடமெல்லாம் இப்ப ஸ்டேசன். ஹிந்தி, தெலுங்கு, வேறு ஏதோ பாசையும். திருச்சி பெருத்துப் பெருத்துச் சுருங்குது.

பெரியப்பா, 9.02
பகலில் மத்திய அலையை உறிஞ்சுகிற படை ஒன்று வளிமண்டலத்தில் உயரத்தில் இருக்கு. சூரியன் போனதும் அது கரைந்துவிடும். பிறகு இன்னும் மேலே இருக்கிற படையில் பட்டு அலை தூரத்தில் வந்து விழும். நேராக வருவதும் பட்டு வருவதும் ஒன்றோடு ஒன்று மோதுவதால்தான் அந்தப் பெருப்பும் சுருக்கமும். 1924இல் அப்பிள்ட்டன் என்ற ஆங்கிலேய பௌதிகவியலாளர் பிபிசியின் ஸ்டேசனையே இரவில் பாவித்து, அந்தப் படை இருக்கு என்று நிரூபித்தார். 1947இல் நோபல் பரிசும் கிடைத்தது.

கவின், 9.06
மழை வந்தால் மின்னலுக்கும் செய்து பார்க்கப் போகிறேன். மின்னல் அடித்த உடனே ரேடியோ படபடக்கும், இடி பிறகுதான் வரும். இரண்டுக்கும் இடையில் மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர் தூரம்.

சித்தி, 9.07
மின்னலுக்குள் முத்தத்தில் நின்றால் உன்ர அம்மாவிடம் சொல்லுவேன். விறாந்தைக்கு உள்ளே இருந்து எண்ணு.

துஷி, 9.10
அதை றெக்கோட் பண்ணிப் போடு. முதலில் அந்தப் பல்ப்பை நூர்.