குளிர் நாட்டுல காலைச் சாப்பாடு: மதுரைப் பிள்ளைகளுக்கு

கேள்வி: மதுரையில இருந்து வந்து மூணு வாரம் ஆச்சு. காலையில ரொட்டியும் ஜாமும்தான் ஓடுது, பதினோரு மணிக்கே பசிக்குது. அதிகம் செலவில்லாம சத்தா என்ன செய்யலாம்ணே?

பதில்: தம்பி, ரொட்டி ஜாம்ல பெரும்பகுதி மாவும் சர்க்கரையும்தான். புரதம் குறைச்சல், அதான் சீக்கிரம் பசிக்குது. விலை கூடின டப்பா உணவு எதுவும் வாங்க வேண்டாம். இட்லியை விடாதீங்க, அதுல பருப்பைக் கூட்டுங்க.

வீட்டுல 4 பங்கு அரிசிக்கு 1 பங்கு உளுந்து போடுவாங்க. இங்க 2 கப் இட்லி அரிசி, 1 கப் கேழ்வரகு மாவு, 1 கப் முழு வெள்ளை உளுந்து, 1 டீஸ்பூன் வெந்தயம்னு போடுங்க. 100 கிராம் கேழ்வரகுல 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு. உளுந்தைக் கூட்டாம கேழ்வரகை மட்டும் சேர்த்தா இட்லி கல்லு மாதிரி வரும். உளுந்தோட பொங்குதான் அந்தக் கனத்தைத் தூக்கணும்.

கிரைண்டர் இல்லாம மிக்சியில அரைக்கிறவங்க உளுந்துக்கு ஐஸ் தண்ணி ஊத்துங்க. அரை நிமிஷம் ஓட்டி, நிறுத்தி, திரும்ப ஓட்டுங்க. ஜார் சூடாச்சுன்னா மாவு பொங்காது. அரைச்ச உளுந்தைக் கிள்ளித் தண்ணியில போட்டா மிதக்கணும். கேழ்வரகு மாவைத் தனியா தண்ணியில கட்டியில்லாமக் கரைச்சு, கடைசியில கலந்தாப் போதும்.

கேள்வி: எங்க வீட்டுல ரெண்டு நாளானாலும் மாவு பொங்க மாட்டேங்குதே?

பதில்: நம்ம ஊர் வெயில்ல ராத்திரி வச்சா விடியறதுக்குள்ள பொங்கி வழியும். மாவுக்கு 27 முதல் 32 டிகிரி வரைக்கும் வேணும், குளிர்கால அடுப்படியில அது கிடைக்காது. ஓவனை மூட்டாம உள்ள இருக்கிற விளக்கை மட்டும் போட்டு, பாதி நிரம்பின பாத்திரத்தை வைங்க. எல்ஈடி விளக்குன்னா சூடே வராது. அப்போ கீழ்த்தட்டுல ஒரு தட்டு நிறைய வெந்நீர் வச்சு, ஆறினதும் மாத்துங்க. உப்பு புளிப்பைத் தாமதப்படுத்தும், அதனால பொங்கின பிறகு போடுங்க. ஓவன் திருகுல ஒரு சீட்டு ஒட்டிடுங்க. வீட்டுல இன்னொருத்தர் தெரியாம மூட்டினா மாவு வெந்துடும்.

இன்னொருத்தர் பதில்: காத்திருக்க நேரமில்லாதவங்களுக்கு அடைதான் வழி. மைசூர்ப் பருப்பு இங்க சாதாரணக் கடையிலயே மலிவாக் கிடைக்கும், தோல் நீக்கி உடைச்சதா வாங்குங்க. அது 1 கப், பச்சரிசி 1 கப், வரமிளகாய் 4. ரெண்டு மணி நேரம் ஊற வச்சு சீரகம், பெருங்காயம், உப்போட கொரகொரன்னு அரைச்சா புளிக்க வைக்காமலே ஊத்தலாம். உறைஞ்ச கீரைப் பொட்டலம் பச்சைக் கீரையை விட விலை குறைச்சல். உருகினதும் ஒட்டப் பிழிஞ்சுட்டுப் போடுங்க, பிழியாமப் போட்டா அடை கல்லுல ஒட்டிப் பிஞ்சுடும். பரிமாறும்போது ஒரு மூடி எலுமிச்சை பிழிஞ்சுக்கோங்க, கீரை பருப்புல இருக்கிற இரும்புச்சத்து உடம்புல நல்லாச் சேரும். காப்பி, டீ அதைத் தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சே குடிங்க.

ஓட்ஸ் வாங்கினா சர்க்கரை கலக்காத பெரிய பொட்டலமாப் பாருங்க. உப்புமாவுக்கு வெறும் சட்டியில 3 நிமிஷம் வறுத்து, 1 கப்புக்கு முக்கால் கப் தண்ணி. கூடினா பசையாயிடும். முட்டை சாப்பிடுறவங்க ஆளுக்கு ஒண்ணு அவிச்சு வைங்க, ஏறக்குறைய 6 கிராம் புரதம்.

பதில்: தண்ணிச் சட்னியை மறந்துட்டீங்களே! தேங்காயைப் பாதியாக்கி, தோல் எடுத்த வறுத்த நிலக்கடலை ஆளுக்கு 20 கிராம் சேர்த்து அரைச்சா அதுலயே 5 கிராம் புரதம் கிடைக்கும். நின்னா கெட்டியாகும், இறக்குறப்ப இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்திக்கோங்க. இதையே பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் கொடுக்கிறதா இருந்தா நிலக்கடலைக்குப் பதிலா பொட்டுக்கடலை போடுங்க. ஒவ்வாமைக்குப் பயந்து நிறைய பள்ளிக்கூடங்கள்ல நிலக்கடலையை உள்ள விடமாட்டாங்க. பொட்டுக்கடலைக்கும் முன்கூட்டியே ஆசிரியர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.