அப்பாவின் புல்லட்டைக் கொடுத்துவிட்டு ஸ்போர்ட் டூரர் வாங்கினேன். மனம் ஒப்பவில்லை, என்ன செய்யலாம்?

கெடிலக்கரை (கேள்வி):

நண்பர்களுக்கு வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன், புதுச்சேரியில் வேலை. என் தந்தை 2003-இல் வாங்கிய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350-ஐ, அவர் ஓட்டியது போக, பத்தாண்டுகளுக்கும் மேலாக நானே ஓட்டி வந்தேன். வலது காலில் கியரும் இடது காலில் பிரேக்கும் உள்ள பழைய அமைப்பு. 2018-இலும் 2023-இலும் பதிவைப் புதுப்பித்து ஒழுங்காகவே வைத்திருந்தேன். சென்ற ஆண்டு அதைப் புதுச்சேரி முத்தியால்பேட்டையைச் சேர்ந்த ஒருவருக்கு விற்றுவிட்டு, 649 சிசி இரட்டைச் சிலிண்டர் ஸ்போர்ட் டூரர் (வேகமாகத் தொலைதூரம் போவதற்கான பைக்) ஒன்றை வாங்கினேன். எட்டு மாதங்கள் ஆகின்றன. வாங்கிய மூன்றாம் வாரத்திலிருந்தே மனம் உறுத்திக்கொண்டிருக்கிறது.

புதிய வண்டி நல்ல வண்டி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொல்லிமலைக்கு ஒரு முறை சென்றேன். 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் அது வளைந்து ஏறியதை நினைத்தால் இப்போதும் மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் எட்டு மாதங்களில் அப்படிப்பட்ட பயணம் அந்த ஒன்றுதான். மற்ற நாளெல்லாம் ஏறத்தாழ 22 கி.மீ. தொலைவிலுள்ள புதுச்சேரிக்குப் போய்த் திரும்புவதே என் ஓட்டம். கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஊருக்கு ஊர் நெரிசல். முதல் இரண்டு கியர்களைத் தாண்டாமல் ஊர்ந்து செல்லும்போது ரேடியேட்டர் விசிறி சுழலத் தொடங்கி, வெந்நீர்ப் பானையின் அருகில் நிற்பதுபோல் முழங்காலில் அனல் அடிக்கிறது. சித்திரை வெயிலில் அலுவலகம் போய்ச் சேரும்போது காற்சட்டை வியர்வையில் ஒட்டிக்கொள்கிறது.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் தாயார் பிரதோஷந்தோறும் திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயிலுக்கு அந்தப் புல்லட்டின் பின்னிருக்கையில்தான் வருவார். அகலமான இருக்கை, காலூன்றத் தட்டு, புடவை சக்கரத்தில் சிக்காதபடி கம்பித் தடுப்பு எல்லாம் அதில் இருந்தன. புதிய வண்டியின் பின்னிருக்கை உயரமாகவும் குறுகலாகவும் இருப்பதால் அவரால் ஏறவே முடியவில்லை. இப்போது ஆட்டோவில் போகிறார். என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. என் மனைவி ஒரு முறை ஏறினார், மறுமுறை மறுத்துவிட்டார்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது இங்கிருந்தவர்களுக்கு அந்த நாட்கள் நினைவிருக்கும். நெல்லிக்குப்பத்தில் இருக்கும் என் அக்காவிடமிருந்து எந்தச் செய்தியும் இல்லை. தொலைபேசியும் இல்லை, மின்சாரமும் இல்லை. சாலையெங்கும் மரங்கள் விழுந்து கிடக்க, அப்பா என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, சாலை அடைபட்ட இடங்களில் வயல் வரப்பில் இறங்கி, முதல் கியரிலேயே அந்த வண்டியை ஓட்டிச் சென்றார். அக்கா வீட்டு ஓடுகள் பறந்திருந்தன, ஆட்களுக்கு ஒன்றுமில்லை. வண்டியை விற்றுக் கையெழுத்துப் போட்டபோது எனக்கு அந்தப் பயணம் நினைவுக்கு வரவில்லை. அடுத்த மழைக்குத்தான் வந்தது.

புதியதை விற்றுவிட்டுப் பழையதைத் திரும்பக் கேட்கலாமா, அல்லது இன்னும் சிறிது காலம் பழகிப் பார்க்க வேண்டுமா? இரண்டு வண்டிகள் வைத்துக்கொள்ள எனக்கு வசதியும் இல்லை, இடமும் இல்லை.

பண்ருட்டிப் பட்டறை:

வணக்கம் தம்பி. முப்பது ஆண்டுகளாக இரண்டு வகை வண்டிகளையும் பிரித்துச் சேர்த்து வருகிறேன். உங்களுக்கு ஏன் அப்படித் தோன்றுகிறது என்பதை எஞ்சினை வைத்தே சொல்ல முடியும். உங்கள் பழைய 346 சிசி எஞ்சினில் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 90 மி.மீ. ஓட்டம் நீளம், ஃபிளைவீல் (எஞ்சினைச் சீராகச் சுழலவைக்கும் சக்கரம்) கனம். அதனால் நாற்பதில் போகும்போதும் நான்காம் கியரிலேயே முரண்டு பிடிக்காமல் இழுக்கும். புதியது இரட்டைச் சிலிண்டர் 649 சிசி என்கிறீர்கள். இப்படிப்பட்ட எஞ்சினில் விட்டம் 83 மி.மீ., ஓட்டம் 60 மி.மீ. என்ற அளவில் இருக்கும். அது வேகமாகச் சுற்றுவதற்காகப் பிறந்த எஞ்சின். அதன் முழு இழுவை நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றுகளைத் தாண்டிய பிறகே கிடைக்கும். அரியாங்குப்பம் பாலத்து நெரிசலில் அந்தச் சுற்றுக்கு எங்கே போவது? வண்டியில் குறையில்லை, உங்கள் நடையிலும் குறையில்லை. இரண்டும் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்க வேண்டும். இத்தனை ஆண்டுகள் வலது காலில் கியர் மாற்றிய உங்களுக்கு, இப்போது அதே காலில் பிரேக் இருக்கிறது. திடுக்கிடும் நேரத்தில் கால் பழைய வேலையைத்தான் செய்யும். எதிரே மாடு வந்தால் இடது காலால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்துவிடுவீர்கள். விற்பதா வைத்துக்கொள்வதா என்பதை முடிவு செய்யும்வரை, விடியற்காலையில் காலியாக இருக்கும் மைதானத்தில் தினமும் பத்து நிமிடம் பிரேக் பயிற்சி செய்யுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். கைப்பிடியைச் சற்று உயர்த்தும் துண்டு கிடைக்கும், மணிக்கட்டு வலி குறையும். பின் ஸ்பிரிங் இறுக்கத்தையும் உங்கள் எடைக்கேற்பச் சரிசெய்து பாருங்கள். அம்மாவின் இருக்கைக்கு மட்டும் என்னிடம் வழியில்லை.

நீலக்கடல்:

நான் இதற்கு மாறாகச் சொல்லப் போகிறேன், வருந்த வேண்டாம். 2003-ஆம் ஆண்டு புல்லட்டில் இரு சக்கரங்களிலும் டிரம் பிரேக். மழை நாளில், எண்ணெய் படிந்த சாலையில் அதை நிறுத்துவது எப்படிப்பட்டது என்பது உங்களுக்கே தெரியும். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகள் அனைத்துக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயமாக்கப்பட்டதற்குக் காரணம் இருக்கிறது. என் தம்பி இன்று உயிரோடு இருப்பது ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் அன்று போனதால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தாயாரை ஏற்றிச் செல்வதுதான் நோக்கம் என்றால், நல்ல பிரேக்கும் தாழ்ந்த இருக்கையும் உள்ள எளிய வண்டி ஒன்றைத் தேடுங்கள். அன்பு வேறு, பாதுகாப்பு வேறு.

முதலியார்பேட்டை அக்கா:

தம்பி, என் கணவரின் யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக்கை விற்றபோது நாங்களும் இப்படித்தான் தவித்தோம். 1996-க்குப் பிறகு அந்த வண்டி தயாரிப்பில் இல்லை என்பதால், அலைந்து திரிந்து அதே நிறத்தில் வேறொன்றை வாங்கினோம். ஓடியது, ஒலியும் அதேதான். ஆனால் பெட்ரோல் டாங்கில் எங்கள் மகன் குழந்தையாக இருந்தபோது வளையலால் கீறிய கோடு அதில் இல்லை. இரண்டே மாதத்தில் அவர் அதை ஓட்டுவதை விட்டுவிட்டார். ஆகவே பணத்தைப் பற்றி யோசிக்கும் முன், முத்தியால்பேட்டைக்குப் போய் உங்கள் வண்டியை ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள். உங்களுக்கு வேண்டியது அந்த வகை வண்டியா, அந்த ஒரே வண்டியா என்பது அங்கே தெரிந்துவிடும்.

அவர் கொடுக்கச் சம்மதித்தால் தாள்களில் கவனமாக இருங்கள். அவர் புதுச்சேரிப் பதிவுக்கு மாற்றியிருந்தால், அங்கிருந்து படிவம் 28-இல் தடையின்மைச் சான்று பெற்று, 29, 30 படிவங்களுடன் கடலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்ற வேண்டும். வண்டியின் வயதுக்கேற்ற சாலை வரியும் உண்டு. வாய்ப்பேச்சில் முடித்துக்கொள்ளாதீர்கள்.

கெடிலக்கரை:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை முத்தியால்பேட்டைக்குச் சென்றேன்.

வண்டி நிழலில் நின்றது. உப்புக் காற்று படாமல் துணி போர்த்தியிருந்தார். அவரே சாவியைக் கொடுத்து, "உதைத்துப் பாருங்கள்" என்றார். அம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரசர் பிடியைப் பிடித்து, கிக்கரை மெதுவாக இறக்கிவிட்டு மிதித்தேன். இரண்டாம் உதையில் எழுந்தது. ஐடிலிங்கை (வண்டி நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகம்) மிக அதிகமாக வைத்திருந்தார்கள். அனுமதி கேட்டுக் கார்புரேட்டர் திருகைக் கால் சுற்றுத் தளர்த்தினேன், பழைய ஒலி வந்தது. அவருடைய மனைவி உள்ளேயிருந்து வெளியே வந்து, "இது இப்படியா ஓடும்?" என்று கேட்டார்.

திரும்பத் தருவீர்களா என்று நேரடியாகவே கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, தம் மகள் இந்த வண்டியில்தான் ஓட்டப் பழகுகிறாள் என்றும், வலது கால் கியர் அவளுக்கு இப்போதுதான் கைவந்திருக்கிறது என்றும், விற்க மனமில்லை என்றும் சொன்னார். அதற்கு மேல் வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஒரே மிதியில் நியூட்ரலுக்குக் கொண்டுவரும் நெம்புகோலை நான்காம் கியரிலிருந்து மிதித்தால்தான் சரியாக விழும் என்பதையும், மழைக்காலத்தில் தீப்பொறிக்கான பாயிண்ட் மூடிக்குள் ஈரம் இறங்கும் என்பதையும் அந்தப் பெண்ணிடம் சொல்லிக் காட்டிவிட்டு வந்தேன்.

எனக்கு வேண்டியது அந்த ஒரே வண்டிதான் என்பது தெரிந்துவிட்டது; ஆகவே வேறு பழைய புல்லட்டைத் தேடப் போவதில்லை. ஸ்போர்ட் டூரரை, தொலைதூரப் பயணம் செய்யும் ஒருவருக்குப் பொங்கலுக்குள் கொடுத்துவிட எண்ணியிருக்கிறேன். அதுவரை பட்டறை அண்ணன் சொன்ன பிரேக் பயிற்சியை மஞ்சக்குப்பம் மைதானத்தில் தொடங்கிவிட்டேன். முதல் நாளிலேயே நான்கு முறை கால் தவறியது. ஏ.பி.எஸ். பற்றி எழுதிய நண்பரின் சொல்லையும் ஏற்கிறேன். என் தாயாருக்கு 71 வயது, முழங்கால் வலி உண்டு. அவர் தரையிலிருந்து சிரமமில்லாமல் ஏறி, ஒருக்களித்து உட்காரக்கூடிய அகலமான பின்னிருக்கை உள்ள வண்டி எது என்பதை, வீட்டில் முதியவர்களை ஏற்றிச் செல்பவர்கள் இங்கே எழுதினால் உதவியாக இருக்கும். வரும் பிரதோஷத்துக்கு முன் ஒன்றிரண்டைக் கடையில் அவரை உட்காரவைத்தே பார்க்க விரும்புகிறேன்.